பழைய புல்லட்டை வெட்டாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் விதவிதமான புல்லட்டுகளைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு வந்து, ஏரிப் பாலத்தைத் தாண்டி, லைட்ஹவுஸ் குப்பம் கடற்கரைக்கு வருகிற பையன்களின் வண்டிகள். ஒன்றில் மட்கார்டே இருக்காது. ஒன்றில் ஹேண்டில்பார் முழங்கால் உயரத்தில் இருக்கும், ஓட்டுகிறவன் டேங்கின் மேல் படுத்துக்கொண்டுதான் வரவேண்டும். இன்னொன்றில் டிராக்டருக்குப் போடுவது போன்ற டயர். எல்லாம் காசு கொடுத்து, பட்டறையில் விட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து மாற்றி வாங்கியவை. 'கஸ்டம்' வண்டி என்கிறார்கள். பழைய காலத்து வண்டி போலவே கம்பெனி செய்து தருகிற புது வண்டியை வாங்கி, அதை இன்னும் பழசாகக் காட்டுவதற்கு மேலும் பணம் செலவழிக்கிறார்கள் என்று என் வயதுக்காரர்கள் சிரிப்பதுண்டு.

நான் சிரிப்பதில்லை. வண்டியைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது. சொல்லப்போனால் நல்ல கைவேலையைக் கண்டால் வண்டிக்காரனை நிறுத்தி விசாரிக்கிற ஆள் நான். ஆனால் இதில் ஒரு வரம்பு வேண்டும் என்பது என் கட்சி. அந்த வரம்பு எது, ஏன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். என்னைப் போல வீட்டில் ஒரு பழைய புல்லட்டை வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளின் நச்சரிப்பைச் சமாளித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இது.

என்னைப் பற்றி இரண்டு வரி. அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையத்தில் மெக்கானிக்கல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னிடம் இருப்பது 1984 மாடல் புல்லட் 350. பாலம் வராத நாட்களில் வண்டியைப் பழவேற்காட்டில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையோரம் நிறுத்திவிட்டுப் படகில் ஏறி வீட்டுக்கு வருவேன். காலையில் மறுபடி படகு, மறுபடி கிக்கர். ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஸரைப் பிடித்து, பிஸ்டனை சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, ஒரே உதை. தெரிந்தவனுக்கு ஒரு உதை, தெரியாதவனுக்குக் கால்வலி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இன்றைய பையன்களை ஏற்றினால் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார்கள்.

புல்லட் எங்கோ தூரத்து ஊரிலிருந்து வந்த சரக்கு இல்லை. இங்கிருந்து தெற்கே மீஞ்சூர் வழியாகப் போனால் ஐம்பது கிலோமீட்டருக்குள் திருவொற்றியூர். அங்கே பிறந்ததுதான். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1932-லேயே 'புல்லட்' என்ற பெயரில் வண்டி விட்டது. 1950-களில் நம் அரசாங்கம் எல்லைக் காவலுக்கும் போலீஸுக்கும் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்து 800 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதைத் தொடர்ந்து 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச்சாரும் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கினார்கள். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1970-ல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியின் கதை முடிந்துபோனது. திருவொற்றியூரில் முடியவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆனது. தாய்வீட்டில் அடுப்பு அணைந்த பிறகும் மகள் வீட்டில் சோறு வெந்துகொண்டிருந்த கதை இது.

டேங்கின் இரண்டு பக்கமும் ஓடும் அந்தத் தங்கக் கோட்டைத் திருவொற்றியூரில் தூரிகை பிடித்துக் கையாலேயே போட்டார்கள். ஸ்கேல் கிடையாது, அச்சு கிடையாது. என் வண்டியில் இடப்பக்கக் கோடு வலப்பக்கத்தைவிட ஒரு நூல் தடிமன். நாற்பது வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரோ ஒருவரின் கை அங்கே இருக்கிறது.

அந்தப் பழைய இன்ஜினைப் பற்றியும் சொல்லவேண்டும். 346 சிசி. 70 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் ஓட்டம். சிலிண்டர் வார்ப்பிரும்பு. 18 குதிரைத்திறன்தான். பிஸ்டன் போய்வரும் தூரம் நீளம், உள்ளே சுழலும் சக்கரம் கனம். அதனால்தான் நிதானமாக, ஒவ்வொரு அடியாக எண்ணக்கூடிய அந்த 'தட் தட்' சத்தம். ஒழுகும், ஆமாம். புல்லட் நின்ற இடத்தில் எண்ணெய் இல்லையென்றால் வண்டியில் எண்ணெய் இல்லை என்று அர்த்தம் என்று மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது 2010 வாக்கில் அந்த வார்ப்பிரும்பு இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். அதற்குச் சற்று முன்பு, புது இன்ஜினோடு, 1950-களின் தோற்றத்தில் 'கிளாசிக்' என்ற மாடல் வந்தது. அதுதான் இந்த அலையைக் கிளப்பியது. 2021-ல் கிளாசிக்குக்கு மறுபடி புது இன்ஜின் போட்டார்கள். 349 சிசி, 20 குதிரைத்திறன், அதிர்வு மிகக் குறைவு. 2024-25 நிதியாண்டில் ராயல் என்ஃபீல்டு விற்ற வண்டிகள் 10 லட்சத்தைத் தாண்டின.

இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். புது வண்டி வருடத்துக்குப் பத்து லட்சம் வருகிறது. பழைய வார்ப்பிரும்பு புல்லட் இனி ஒன்றுகூட வரப்போவதில்லை. இருப்பது குறையத்தான் செய்யும்.

இனி இந்த 'மாற்றுகிற' பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மட்கார்டை வெட்டிய வண்டியை 'பாபர்' என்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க இளைஞர்கள் கனமான மோட்டார் சைக்கிள்களின் மட்கார்டை வெட்டி, தேவையில்லாததைக் கழற்றி, எடையைக் குறைத்து வேகமாக ஓட்டினார்கள். குனிந்து ஓட்டுவது 'கஃபே ரேஸர்'. 1950-களிலும் 60-களிலும் லண்டன் பையன்கள் ஒரு டீக்கடையிலிருந்து இன்னொரு டீக்கடைக்குப் பந்தயம் விட்டதால் வந்த பெயர். காற்று எதிர்க்கக்கூடாது என்று ஹேண்டில்பாரை இறக்கினார்கள், கால் மிதியைப் பின்னால் தள்ளினார்கள். இதைப் பார்த்து ராயல் என்ஃபீல்டே 1960-களின் நடுவில் 'கான்டினென்டல் ஜிடி' என்று 250 சிசி வண்டியைக் கம்பெனியிலேயே அப்படிச் செய்து விற்றது. ஆக, அவர்கள் வெட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. வேகம் வேண்டும், எடை குறையவேண்டும். அழகு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

நம் ஊரில் இந்தக் கலை கிடையாது என்று நினைக்காதீர்கள். கட்டுமரத்தில் இன்ஜின் வைத்தவர்கள் நாம். ஃபைபர் படகின் பின்னால் நீளத் தண்டோடு கிரீவ்ஸ் லொம்பார்டினி டீசல் இன்ஜினைப் பொருத்தி அலையைத் தாண்டுவது இந்தக் கரையில் தினசரிக் காட்சி. அதே லொம்பார்டினி குடும்பத்து 325 சிசி டீசல் இன்ஜினைப் போட்டு என்ஃபீல்டும் 'டாரஸ்' என்று ஒரு மோட்டார் சைக்கிளைச் சில வருடம் விற்றது. வேகம் 60-ஐத் தாண்டத் திணறும். ஆனால் லிட்டருக்கு 70 கிலோமீட்டர் கொடுக்கும் என்று ஓட்டியவர்கள் சொல்வார்கள். எங்கள் பக்கத்துப் படகு மெக்கானிக் டாரஸைக் கண்டால் சந்தோஷப்படுவார். "சார், இது நம்ம போட்டு இன்ஜின்தான், ரோட்ல ஓடுது, அவ்ளோதான்" என்பார்.

மீன் விற்கப் போகிற டிவிஎஸ் எக்ஸெல் வண்டியைக் கவனித்துப் பாருங்கள். பின்னால் இரும்புக் கேரியர், அதில் ஐஸ் பெட்டி, முன்னால் கூடை வைக்கத் தட்டு, பக்கவாட்டில் தராசு மாட்டக் கொக்கி. கம்பெனி கொடுத்தது பாதி, வெல்டிங் கடைக்காரர் கொடுத்தது பாதி. காசிமேட்டுப் பக்கத்து மீன்பாடி வண்டியும் இந்த வகைதான். மூன்று சக்கர சைக்கிளில் கழித்துப்போட்ட ஸ்கூட்டர் இன்ஜினைப் பொருத்தி ஓட்டினார்கள். பிரேக்கும் பதிவும் இல்லாததால் போலீஸ் பிடித்தது, அதுவும் நியாயம்தான். குஜராத்தில் அம்ரேலி மாவட்டத்து விவசாயி மன்சுக்பாய் ஜகானி 1990-களில் ஒரு புல்லட்டின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அங்கே இரண்டு சக்கரமும் கலப்பைச் சட்டமும் மாட்டி உழவுக்கு விட்டார். 'புல்லட் சாந்தி' என்று பெயர். காளை வாங்க முடியாதவருக்கும், டிராக்டருக்குக் கட்டுப்படியாகாத சின்ன நிலத்துக்கும் அது உதவியது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. உழவு முடிந்தால் பின்சக்கரத்தை மாட்டிக்கொண்டு மறுபடி மோட்டார் சைக்கிளாக ஓட்டலாம் என்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்த அம்சம்.

இவற்றையெல்லாம்விட நான் உயர்வாக நினைப்பது, கால் நடக்க முடியாதவர்கள் ஓட்டுவதற்காக ஸ்கூட்டரின் பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்துத் தருகிறார்களே, அந்த வேலையை. சட்டமும் அதை ஏற்று, முறைப்படி பதிவு செய்ய இடம் கொடுக்கிறது. ஒரு மனிதன் வீட்டுக்குள் முடங்காமல் கடைத்தெருவுக்குத் தானே போய்வருகிறான். கஸ்டம் வண்டி என்றால் அது.

இந்த உதாரணங்களிலிருந்து என் முதல் அளவுகோல் வருகிறது. யாருக்காக, எந்தப் பாதைக்காக மாற்றுகிறோம் என்ற கேள்விக்கு வண்டி பதில் சொல்லவேண்டும். குள்ளமான பெண் ஓட்டுகிறாள், சீட்டை இறக்குகிறோம், சரி. முதுகுவலிக்காரர், ஹேண்டில்பாரை உயர்த்துகிறோம், சரி. கடற்கரையில் கிரோமியம் ஆறு மாதத்தில் பொரிந்துபோகிறது, அதனால் கறுப்புப் பூச்சு அடிக்கிறோம், ரொம்ப சரி. ஆனால் பழவேற்காடு சாலையில் மழைக்காலத்தில் பின் மட்கார்டு இல்லாமல் ஓட்டுவதற்கு என்ன பதில்? சேறு முதுகெல்லாம் அடிக்கிறது, பின்னால் வருகிறவன் கண்ணிலும் அடிக்கிறது. காற்றை வெட்டக் குனிந்து ஓட்டுகிறேன் என்கிறான் ஒருவன். தம்பி, பொன்னேரி சாலையில் நாற்பதுக்கு மேல் எங்கே போகப்போகிறாய்? ஆடு, மாடு, ஷேர் ஆட்டோ எல்லாம் உனக்கு வழி விட்டுவிடுமா?

திறமைசாலிகள் இல்லாமல் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஃப்ரிட்ஸ் எக்லி சேசிஸ் செய்வதில் உலகப் புகழ் பெற்றவர். அவர் நம் திருவொற்றியூர் புல்லட்டை வாங்கி, இன்ஜினைத் திருத்தி, பிரேக்கை மாற்றி அதன் ஊமைத் திறமையை வெளியே கொண்டுவந்தார். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வாழ்ந்த நம் நாட்டுக்காரர் அனிகேத் வர்தன், இரண்டு புல்லட் சிலிண்டர்களை 'வி' வடிவில் சேர்த்து 700 சிசி இன்ஜின் ஒன்றைத் தானே வடிவமைத்து வார்த்தார். 'மஸ்கட்' என்று பெயர் வைத்தார். ஜெய்ப்பூரில் ராஜ்புதானா கஸ்டம்ஸ் என்ற பட்டறையின் வேலையும் நாடெங்கும் பேசப்பட்டது. இவர்கள் எல்லோரும் முதலில் இன்ஜினைப் படித்தவர்கள், பிறகு கத்தியை எடுத்தவர்கள். நம் தெருமுனைப் பட்டறைகள் சிலவற்றில் முதல் நாளே கட்டிங் வீலை ஓட்டுகிறார்கள்.

இரண்டாவது அளவுகோல் சத்தம். இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். எங்கள் ஊர் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி என்று நடுவில் கிடக்கும் ஒரு மணல் திட்டு. மீன்பிடிக்கிறவனுக்கு ராத்திரி என்பது உங்கள் ராத்திரி கிடையாது. விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்து கடலுக்குப் போகிறவன் மதியம் வந்துதான் கண்ணயர்வான். அந்த நேரத்தில் சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பைப் பிடுங்கிய நாலு புல்லட் தெருவில் போனால், தொட்டிலில் இருக்கும் குழந்தையிலிருந்து இதய நோயாளி வரை தூக்கிவாரிப் போடுகிறது. என் வீட்டுக்குப் பக்கத்தில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஓர் அம்மாள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார். அந்தப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை. நிறுத்திச் சொன்னால் "சாரி அங்கிள்" என்று தள்ளிக்கொண்டு போகிற பிள்ளைகள்தான். பிடுங்கித் தந்த பட்டறைக்காரருக்குத்தான் புத்தி வேண்டும்.

அந்தச் சத்தத்தால் வண்டிக்கும் லாபமில்லை. பழைய கார்புரேட்டர் வண்டியில் சைலன்சரைத் திறந்துவிட்டால் காற்றும் பெட்ரோலும் கலக்கிற அளவு கெடும். பெட்ரோல் போதாமல் இன்ஜின் அதிகம் சூடாகும், எக்சாஸ்ட் வால்வு கருகும். புது வண்டிகளில் சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்ஸாரும், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் இருக்கின்றன. அதைக் கழற்றினால் கணினி குழம்பும். சக்கரத்தின் அளவை மாற்றினால் ஏபிஎஸ் பிரேக்கின் கணக்கு தப்பும். முன் ஃபோர்க்கை நீட்டினால் பார்க்கக் கம்பீரம், திரும்பும்போது தெரியும் சங்கதி. சீட்டுக்கு அடியிலிருக்கும் சேசிஸ் குழாயை வெட்டி மறுபடி வெல்டிங் வைத்தால், பின்னால் மனைவி உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது அந்த வெல்டிங்கை நம்பித்தான் இரண்டு உயிரும் இருக்கிறது.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும், கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது என்று தெளிவாகச் சொன்னது. அதே வருடம் திருத்தப்பட்ட சட்டத்தில், இப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்த வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை தனி அபராதம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த மாற்றங்களைத்தான். என் கருத்து என்னவென்றால், இந்தச் சட்டம் சத்தம் போடுகிறவன் விஷயத்தில் தூங்குகிறது, ஒழுங்காக வேலை செய்கிற பட்டறைக்காரனைப் பயமுறுத்துகிறது. நல்ல கைவேலைக்காரர்கள் வண்டியைக் காட்டி, பொறியாளர் சோதித்து, முத்திரை வாங்குகிற ஒரு நேர்வழி வேண்டும். மாற்றுத் திறனாளிகளின் வண்டிக்குக் கொடுக்க முடிகிற அனுமதியை, பத்திரமாகச் செய்த மற்ற வேலைக்கும் சோதித்துக் கொடுக்க முடியாதா? அந்த வழி வரும்வரை, கம்பெனியே விற்கிற சீட்டு, கண்ணாடி, கேரியர் போன்ற பொருட்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ராயல் என்ஃபீல்டு 2020 முதல், வாங்கும்போதே இப்படித் தேர்ந்தெடுத்துக்கொள்ள ஏற்பாடு வைத்திருக்கிறது.

மூன்றாவது அளவுகோல்தான் முக்கியமானது. செய்ததை மறுபடி பழையபடி ஆக்க முடியவேண்டும். போல்ட்டால் மாட்டியதைக் கழற்றலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

இப்போது என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணன் பேரன் மீஞ்சூரில் ஐடிஐ படிக்கிறான். கைவேலை வரும். மூன்று மாதமாக என்னை விடவில்லை. "தாத்தா, அந்த வண்டி சும்மாதானே நிக்குது. எங்கிட்ட குடு. பின்னாடி வெட்டிட்டு, சிங்கிள் சீட் போட்டு, செம்ம பாபரா மாத்திடலாம்" என்கிறான். போனில் படம் காட்டினான். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. படத்தில் இருந்தது பழைய வண்டி, சந்தேகமே இல்லை, வலது பக்க கியரைப் பார்த்தாலே தெரிகிறது. அதன் அகன்ற மட்கார்டு, டூல் பாக்ஸ், கறுப்பு டேங்க் எல்லாம் எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். "காயலாங்கடைக்குத்தான்" என்றான்.

அவனுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வெட்டவேண்டும் என்று ஆசையா, புது வண்டியை வெட்டு. பத்து லட்சத்தில் ஒன்று. நீ கெடுத்தாலும் நாளைக்கே ஷோரூமில் அதேபோல இன்னொன்று கிடைக்கும். இந்த வண்டியில் நீ வெட்டுகிற ஒவ்வொரு துண்டும் உலகத்தில் ஒன்று குறைகிறது. திருவொற்றியூரில் ஒருவர் போட்ட கோட்டை நீ ஸ்ப்ரே அடித்து அழித்தால் அதை மறுபடி போட அந்தக் கை வராது. பழசு போலத் தெரிவதற்காக நிஜமான பழசை வெட்டுவது, சினிமாவில் கோயில் செட் போடுவதற்கு நிஜக் கோயிலின் தூணைப் பிடுங்கியது மாதிரி.

அவன் சும்மா இருப்பானா? "அப்போ உப்புக் காத்துல துருப்பிடிச்சு மண்ணாப் போகட்டும்னு சொல்றியா? நான் பண்ணா ரோட்லயாவது ஓடும்ல?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பல வீடுகளில் அதுதான் நடக்கிறது. ஓலைக் கொட்டகையில் நிறுத்தி, மேலே வலையைப் போட்டு மூடி, கோழி முட்டையிடுகிற இடமாக ஆகிப்போன புல்லட்டுகளை இந்தப் பக்கத்தில் நானே பார்த்திருக்கிறேன். எங்கள் கலங்கரை விளக்கு 1859-லிருந்து இங்கே இருக்கிறது என்றால், கோபுரத்தை மறுபடி கட்டியும், காலாகாலத்தில் சுண்ணாம்பும் பெயிண்டும் அடித்தும் யாரோ கவனித்துக்கொண்டே வந்ததால்தான். இந்தக் கடல்காற்றில் கவனிக்காத இரும்பு நிற்காது. ஓட்டாமல் பூட்டி வைப்பதைப் பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை. அதுவும் ஒரு வகையில் வெட்டுவதுதான், மெதுவாக வெட்டுவது.

ஆனால் துருவும் வெட்டும் ஆகிய இரண்டு வழிதான் என்று யார் சொன்னது? மூன்றாவது வழி பழுதுபார்த்து ஓட்டுவது. இந்த இன்ஜினின் பெரிய குணமே அதுதான். கணினி வேண்டாம், கம்பெனி சர்வீஸ் சென்டர் வேண்டாம். நாலு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஃபீலர் கேஜ் இருந்தால் மரத்தடியிலேயே டேப்பட் சரி செய்யலாம், பாயிண்ட் சுத்தம் செய்யலாம், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவலாம். உதிரிப் பாகங்கள் இன்னும் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கின்றன. கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்ளலாம். ஆனால் காது வைத்துக் கேட்டே எந்த டேப்பட் தளர்வு என்று சொல்கிற மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே போகிறார்கள். எனக்குத் தெரிந்த பொன்னேரி மெக்கானிக்குக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டது, காது மட்டும் கூர்மை. அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆள் இல்லை. இந்த வண்டிகள் வெட்டப்பட்டால் அவருக்குத் தெரிந்தவை எல்லாம் அவரோடு போய்விடும் என்பதுதான் என் உண்மையான கவலை. இரும்பு போனால் போகிறது என்றுகூட விட்டுவிடலாம். கற்ற வித்தை போனால்?

அதனால் பேரனிடம் ஒரு ஒப்பந்தம் பேசியிருக்கிறேன். வண்டி உனக்குத்தான். ஆனால் முதலில் வாரத்துக்கு ஒரு நாள் பொன்னேரிப் பெரியவரிடம் போய் உட்கார். இன்ஜினை முழுதாகப் பிரித்து, நீயே மறுபடி பூட்டி, ஒரே உதையில் கிளப்பிக் காட்டு. அதற்குப் பிறகும் இதை வெட்டவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அப்போது பேசலாம். இப்போது நாலு வாரமாகப் போய்வருகிறான். கையெல்லாம் கிரீஸ். போன வாரம் வந்தபோது பாபர் படத்தைக் காட்டவில்லை. டிகம்ப்ரஸர் கேபிள் ஏன் அந்த இடத்தில் போகிறது என்று கேட்டான். அவன் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் கத்தியை எடுக்கும் முன் படிக்கத் தொடங்கிவிட்டான், அது போதும்.

வீட்டில் பழைய புல்லட் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். காயலாங்கடைக்காரர் தரும் சில ஆயிரத்துக்காகவும், "வெட்டி அழகாக்கித் தருகிறேன்" என்பவரின் பேச்சுக்காகவும் அவசரப்படாதீர்கள். பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, 15 வருடம் கடந்ததென்றால் புதுப்பித்துக்கொள்ளுங்கள். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, வாரம் ஒரு முறை கிக்கரை மெதுவாக மிதித்து விடுங்கள். பிஸ்டன் ஒட்டிக்கொள்ளாது. கழற்றிய மட்கார்டு, டூல் பாக்ஸ், பழைய சீட்டு எதையும் எறியாதீர்கள், சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள். வீட்டில் கேட்கிற பிள்ளை இருந்தால் வண்டியைக் கொடுக்கும் முன் ஸ்பேனரைக் கொடுங்கள்.

பட்டறை வைத்திருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கைவேலை எனக்குப் பிடிக்கும். புது வண்டி வந்தால் தாராளமாக உங்கள் திறமையைக் காட்டுங்கள், சைலன்சரை மட்டும் விட்டுவிடுங்கள். வலது பக்கம் கியர் உள்ள வண்டி வந்தால், கட்டிங் வீலை எடுக்கும் முன் வண்டிக்காரனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை அப்படியே சரி செய்து ஓட்டலாமே?" அதில் உங்களுக்குக் கூலி குறையப்போவதில்லை. வெட்டுவது ஒரு நாள் வேலை. சரி செய்வது வருடா வருடம் உங்களிடமே வரும்.